புனைகதை பயில்வோர்க்குத் துணையாவன

கதை கேட்கும் விருப்பம் மக்களுக்கு இயல்பாக அமைந்தது. கதை சொல்லும் ஆற்றலோ சிலர்பால் மட்டுமே சிறந்து விளங்குகின்றது. இதனைக் கண்டோர் சிலர், கதைத்திறன் பிறவியிலே வருவது, பயிற்சியால் வருவதன்று என்பர். வேறு சிலர், எழுத்துக்கலை பற்றிய நூல்கள் சிலவற்றை வாங்கி அவற்றில் விதித்தபடி எழுதினால் எவரும் எழுத்தாளராகலாம் என்பர். இவ்விரு கொள்கைகளும் எழுதப் பயில விரும்பும் மாணவர்க்குத் தீங்கு பயப்பனவே. முன்னையது அவர்தம் முயற்சியை முளையிலேயே கிள்ளுகின்றது; பின்னையது அம்முயற்சியை வேண்டாத வழியிற் செலுத்துகின்றது.

செய்யுள் இயற்ற விரும்பியோர்க்குத் தமிழில் வழி தெளிவாக இருந்தது. யாப்பறிவதற்கு யாப்பருங்கலக்காரிகையும், அணியறிவதற்குத் தண்டியலங்காரமும், சொல்லறிவதற்கு நிகண்டுகளும் இருந்தன. அவற்றைப் பாடஞ் சொல்ல ஆசிரியரும் இருந்தனர். உரைநடைப் புனைகதையோ நமது மொழிக்குப் பிந்தி வந்த செல்வம். மாயூரம் வேதநாயகம்பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது 1879ஆம் ஆண்டில்; இலங்கையிற் சித்திலெவ்வையின் அசன்பே சரித்திரம் வெளிவந்தது 1885ஆம் ஆண்டில். சிறுகதை அதற்கும் பின்னையது. ஆதலின், காரிகை போன்றதோர் இலக்கண நூல் புனைகதைக்கு வகுக்கப்படவில்லை. எழுத முனையும் இளைஞர், தமக்குத் துணையாவன எவை, அவற்றை எங்கே தேடுவது என்று மயங்குவது இதனாலேயாம்.

இம்மயக்கத்தைத் தீர்க்க உதவும் அளவுகோல் ஒன்று பழைய நூலிலேயே கிடைக்கின்றது. 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஒருவர் கல்வியை எவ்வாறு நிரப்பிக்கொள்கின்றார் என்பதைக் கணக்கிட்டுக் காட்டுகின்றது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் அதனால் நிரம்புவது காற்கூறே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு நிரம்பும். எஞ்சிய இரு கூறும், கற்றதைப் பிறர்க்குத் தானே விரித்துரைப்பதாலேயே நிரம்பும் என்பது அந்நூலின் கருத்து. நூற்கல்வியைப் பற்றிக் கூறப்பட்ட இக்கணக்கு, கதையெழுதும் கலைக்கும் வியக்கத்தக்க முறையிற் பொருந்துகின்றது. துணைகளை நாடுவோர் பலர் முதற் காற்கூற்றிலேயே தங்கிவிடுகின்றனர். அவர்தம் தளர்ச்சிக்குக் காரணமும் அதுவே.

ஆசிரியர்பாற் கொள்வது

புனைகதைக்கு ஆசிரியர் யாவர்? நூல்களே ஆசிரியர். அவை மூவகைப்படும்: கலையை விளக்கும் நூல்கள், பேரெழுத்தாளர் எழுதிய கடிதங்களும் குறிப்பேடுகளும், அவர்கள் படைத்த கதைகள்.

கலையை விளக்கும் நூல்களுள் முன்னோடியாகக் கருதத்தக்கது அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ 1842ஆம் ஆண்டில் எழுதிய மதிப்புரையொன்றாகும். நதானியல் ஹாதோர்ன் என்பாரின் கதைத்தொகுதியை ஆராயுமிடத்து, சிறுகதை ஒரே இருப்பிற் படித்து முடிக்கத்தக்கதாய், ஒரே உணர்ச்சிப் பயனை நோக்கி அதன் ஒவ்வொரு சொல்லும் செல்வதாய் அமைதல் வேண்டும் என்று அவர் விளக்கினார். அடுத்து, ஈ. எம். போஸ்டர் 1927ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய விரிவுரைகளின் தொகுதியான நாவலின் கூறுகள் என்னும் நூல் குறிப்பிடத்தக்கது. நிகழ்ச்சிகளைக் காலமுறையிற் சொல்வது வேறு, காரண காரியத் தொடர்போடு சொல்வது வேறு என அவர் காட்டினார். 'மாரியிற் குளம் உடைப்பெடுத்தது. தையிற் குளத்துக் காவற்காரர் ஊரை விட்டு நீங்கினார்' என்பது காலமுறை. 'குளம் உடைப்பெடுத்தமையால் ஊரவர் முகத்தில் விழிக்க நாணிக் காவற்காரர் நீங்கினார்' என்பது காரணமுறை. 'காவற்காரர் நீங்கிய காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. அன்றிரவு மதகைத் திறக்கவேண்டியவர் அவரே என்பது மாசியில் வெளிப்பட்டது' என்றால், அங்கே படிப்போரின் நினைவும் அறிவும் தொழிற்படத் தொடங்குகின்றன. நிகழ்ச்சி ஒன்றே, வைப்புமுறை மூன்று. இவ்வேறுபாட்டை ஒருமுறை உணர்ந்தவர் தமது கதையையும் வேறு கண்கொண்டு நோக்குவர்.

தமிழிற் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட தமிழிற் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும் என்னும் நூலும், யாழ்ப்பாணத்தவராகிய சோ. சிவபாதசுந்தரமும் சிட்டி எனப்பட்ட பெ. கோ. சுந்தரராஜனும் சேர்ந்தெழுதி 1989ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழிற் சிறுகதை வரலாறும் பயிலத்தக்கன. எவர் எதனை முன்னரே செய்து முடித்தனர் என்பதை அறியாதார், பழையதையே புதியதென எண்ணி உழைப்பர். வரலாற்று நூல்கள் அவ்வீணுழைப்பைத் தவிர்க்கின்றன.

எனினும், இந்நூல்கள் யாவும் முடிந்த கதையைப் பகுத்துக் காட்டுவன. முடியாத கதையொன்று எழுதுவோர் மனத்தில் எவ்வாறு உருப்பெறுகின்றது என்பதை அவற்றாற் காட்ட இயலாது. அதனைக் காட்டுவன கடிதங்களும் குறிப்பேடுகளுமே. இவ்வகையில் இலங்கைக்கும் தொடர்புடைய சான்றொன்று உண்டு.

உருசிய எழுத்தாளரும் மருத்துவருமான அந்தோன் செக்கோவ் 1890ஆம் ஆண்டிற் சகாலின் தீவிலிருந்த கைதிகளின் நிலையை ஆராயச் சென்று, திரும்புங்காற் கப்பல்வழியே கொங்கொங், சிங்கப்பூர் ஆகிய துறைகளைக் கடந்து அவ்வாண்டு நவம்பரிற் கொழும்பை அடைந்தார். அவ்வாண்டு இறுதியில் வெளிவந்த 'கூசெவ்' என்னும் சிறுகதை இலங்கைத் தீவிலே கருக்கொண்டது என்று அவரே தமது பதிப்பாசிரியர் சுவோரினுக்கு எழுதினார். பயணத்தைப் பற்றி அவர்க்கு எழுதிய மற்றொரு கடிதத்தில், சிங்கப்பூர் செல்லும் வழியில் இறந்தோர் இருவரின் உடல்கள் கடலில் இடப்பட்ட செய்தி காணப்படுகின்றது. பாய்த்துணியிற் சுற்றிய உடல் நீரில் வீழ்வதைக் கண்டபோது, அடிநிலம் பல மைல் ஆழத்திலுள்ளது என்ற நினைவு அச்சந் தந்ததாகவும், தாமும் இறந்து அவ்வாறே எறியப்படுவோம் என்ற எண்ணம் எழுந்ததாகவும் அவர் குறிக்கின்றார்.

கடிதத்திற் சில வரிகளே கொண்ட இச்செய்தி கதையில் என்னவாயிற்று என்பதை நோக்குதல் பெரும் பாடமாகும். கதையிற் கண்டவரும் அஞ்சியவருமாகிய செக்கோவ் இல்லை. சேவை முடிந்து காசநோயோடு ஊர் திரும்பும் எளிய படைவீரனொருவன் கப்பலின் நோயாளர் அறையிற் கிடக்கின்றான். பனி மூடிய தன் ஊரையும், சறுக்குவண்டியில் வரும் தமையனையும் சிறு பிள்ளைகளையும் அவன் இடையிடையே காண்கின்றான். அருகே, உலகின் அநீதிகளையெல்லாம் ஓயாது கண்டிக்கும் வேறொரு நோயாளி கிடக்கின்றான். கண்டித்தவனும் இறக்கின்றான், பொறுத்திருந்தவனும் இறக்கின்றான். உடல் கடலில் இடப்பட்ட பின்னரும் கதை நிற்கவில்லை. எவர் கண்ணுக்கும் எட்டாத ஆழத்தில் அவ்வுடலைப் பின்தொடர்ந்து சிறு மீன்களையும் சுறாவையும் காட்டி, ஈற்றில் மேலெழுந்து அந்திவானின் நிறங்களைக் காட்டி முடிகின்றது. அச்சம் என்ற சொல்லாற் கடிதம் உணர்த்தியதை, ஆழத்தைக் காட்டுவதாற் கதை உணர்த்துகின்றது. கடிதத்தையும் கதையையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், அநுபவம் கதையாகும் முறையை எந்த விதிநூலும் கற்பிக்க இயலாத அளவுக்குக் கற்றுக்கொள்வர். செக்கோவின் கடிதங்களும் கதைகளும் ஆங்கில மொழிபெயர்ப்பிற் கிடைக்கின்றன.

இவரைப் போன்றே பிரான்சிய எழுத்தாளர் மாப்பசானும் தாம் பயின்ற வழியை மறைக்காது எழுதியுள்ளார். 1888ஆம் ஆண்டில் வெளிவந்த பியேரும் ஜானும் என்னும் நாவலின் முன்னுரையில், தம் ஆசிரியராகிய புளோபேரிடம் ஏழாண்டுகள் எழுதிக் காட்டித் திருத்தம் பெற்றதைக் கூறுகின்றார். வாயிலில் அமர்ந்த கடைக்காரர் ஒருவரை, அவர் தொழிலைச் சேர்ந்த பிறரோடு மயங்காதவாறு சில தொடர்களிற் காட்டுக. வாடகை வண்டிக் குதிரையொன்றை, முன்னும் பின்னும் வரும் ஐம்பது குதிரைகளினின்றும் வேறுபடுமாறு ஒரே சொல்லாற் காட்டுக என்ற முறையில் ஆசிரியர் பயிற்சி தந்தார். இப்பயிற்சிக்குச் செலவில்லை. சந்தைக்குச் செல்லும் எவர்க்கும் இது கைகூடும்.

மூன்றாம் வகையாகிய கதைகளைப் படிக்கும் முறைக்கும் நன்னூலே வழிகாட்டுகின்றது. ஒருமுறைக்கு இருமுறை கேட்டாற் பிழை பெரிதும் நீங்கும் என்றும், மும்முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு உரைக்கலாம் என்றும் அந்நூல் கூறும். முதன்முறை கதையின்பத்துக்காகப் படித்தல் வேண்டும். இரண்டாம் முறை, கையிற் பென்சிலோடு, கதை எங்கே தொடங்குகின்றது, எச்செய்தி பிற்படுத்தப்பட்டது, எவ்விடத்திற் காலம் தாவுகின்றது என்று ஓரத்திற் குறித்துப் படித்தல் வேண்டும். மூன்றாம் முறை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன் ஆகியோரின் கதைகளையும், 1930ஆம் ஆண்டை அடுத்து இலங்கையிற் சிறுகதைக்கு வழிவகுத்த இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்தியலிங்கம் ஆகியோரின் கதைகளையும் இவ்வாறு மும்முறை படிப்பது, நூறு கதைகளை ஒருமுறை படிப்பதிலும் மிக்க பயன் தரும்.

படித்ததைக் கைக்குக் கொணரவும் வழியுண்டு. பெஞ்சமின் பிராங்கிளின் இளமையிற் சிறந்த கட்டுரையொன்றின் கருத்துக்களைச் சுருங்கக் குறித்து வைத்து, சில நாள் கழித்து அக்குறிப்புக்களைக் கொண்டே அதனைத் தம் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளைத் திருத்திக்கொண்டார் என்பது அவர்தம் தன்வரலாற்றால் அறியப்படும். ஆர். எல். ஸ்டீவன்சன், 'கல்லூரிச் சஞ்சிகை' என்று தலைப்பிட்டு எழுதிய கட்டுரையில், தாம் இளமையிற் படிக்க ஒன்றும் எழுத ஒன்றுமாக இரு புத்தகங்களைச் சட்டைப்பையிற் கொண்டு திரிந்ததையும், பேரெழுத்தாளர் பலர் நடையைப் பயிற்சிக்காக மட்டும் பின்பற்றி எழுதியதையும் கூறியுள்ளார். பயிற்சிக்கு எழுதியதை அச்சிடலாகாது, எழுதாதிருத்தலும் ஆகாது.

உடன்பயில்வோர்பாற் கொள்வது

இரண்டாவது காற்கூறு தோழமையால் வருவது. ஈழத்துப் புனைகதை வரலாறே இதற்குச் சான்று. 1930ஆம் ஆண்டில் நா. பொன்னையா தொடங்கிய ஈழகேசரி இளைஞர் எழுத்துக்கு இடமளித்து வளர்த்தது. 1943ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அமைந்த மறுமலர்ச்சிச் சங்கத்தார் 1946ஆம் ஆண்டில் மறுமலர்ச்சி என்னும் சஞ்சிகையை வெளியிட்டனர். 1966ஆம் ஆண்டில் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தாளர் பலரை ஒருங்கு சேர்த்தது. தனித்திருந்து தோன்றியோர் சிலர்; கூடியிருந்து வளர்ந்தோர் பலர்.

கல்லூரியில் நால்வரோ ஐவரோ கூடினாலே இத்தோழமை அமையும். ஆயின், கூட்டம் புகழுரை மன்றமாகவோ பழியுரை மன்றமாகவோ மாறாதிருக்கச் சில ஒழுங்குகள் வேண்டும். கதையை எழுதியவர் அல்லாத ஒருவர் அதனை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். படிப்பவர் நா தடுக்கும் இடமே பெரும்பாலும் நடை தடுக்கும் இடம். எழுதியவர் இடையிற் குறுக்கிட்டு விளக்கலாகாது. அச்சில் ஏறிய கதைக்கு அருகே நின்று விளக்கஞ் சொல்ல எழுதியவர் வரப்போவதில்லை. கேட்போர், 'நன்று', 'தீது' என்னாது, எவ்விடத்தில் மனம் சலித்தது, எவ்விடத்திற் பொருள் மயங்கியது, எவ்விடத்தை நம்ப இயலவில்லை என்பதையே கூறல் வேண்டும். குறையுள்ள இடத்தைக் காட்டுதல் கேட்போர் கடமை. அதனை எவ்வாறு திருத்துவது என்பது எழுதியவர் உரிமை.

தானே செய்வது

எஞ்சிய அரைக்கூறு, பிறர்க்கு உரைப்பதால் வருவது என்றார் பவணந்தியார். கதையெழுதுவோர்க்கு உரைத்தலாவது எழுதுதலும் திருத்தி எழுதுதலுமே. இதற்கு வேண்டுந் துணைகள் இரண்டு: சொல்லும், தன்பிழை காணுங் கண்ணும்.

சொல்லுக்கு அகராதிகள் உள. 1842ஆம் ஆண்டில் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியும், வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் ஒவ்வொரு கல்லூரி மாணவரும் புரட்டிப் பழகவேண்டியன. ஆயினும் கதைக்கு வேண்டுஞ் சொற்கள் யாவும் அகராதியில் அடங்கா. பேச்சுமொழியைக் கதையில் வழங்கலாமா என்ற வழக்கு 1960ஆம் ஆண்டை அடுத்து ஈழத்திற் கடுமையாக எழுந்தது. மரபு பேணிய பண்டிதர் ஒருசாராரும் முற்போக்கு எழுத்தாளர் மற்றொருசாராரும் வாதிட்டனர். அதன்பின் வந்த கதைகளே, பாத்திரங்கள் தத்தம் மொழியிலே பேசுதல் இயல்பு என்பதை நிலைநாட்டின. எனினும் பேச்சுமொழியென்று கண்டபடி எழுதுதலும் பிழையே. செவியாற் கேட்டறிந்த சொல்லே உயிருடையது.

ஒரு பெண் 'வாயிலில்' நின்றாள் என்பதற்கும் 'படலையடியில்' நின்றாள் என்பதற்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் மட்டுமன்று. படலை என்றவுடன் கிடுகு வேலியும் கதியாலும் உடன் தோன்றுகின்றன. வேலி மறைப்பதால் உள்ளிருப்போர்க்குக் குரல் கேட்கும், முகம் தெரியாது. வந்தவர் அழைத்து நிற்றல் வேண்டும். கதையின் நிகழ்ச்சியே அச்சொல்லிற் கருவாக இருக்கின்றது. வழிப்போக்கர் ஒதுங்கக் கூரையிட்டமைத்த சங்கடப்படலையும், தோட்டக் கிணற்றில் ஒருவர் மிதிக்க ஒருவர் பட்டையால் இறைத்த துலாவும் நீரிறைக்கும் இயந்திரமும் மதிலும் வந்தபின் அருகிவிட்டன. அவற்றோடு அவற்றைச் சூழ்ந்த சொற்களும் அருகுகின்றன. ஆதலின் எழுதுவோர் சொற்குறிப்பேடு ஒன்று வைத்திருத்தல் வேண்டும். சொல், அதனைச் சொன்னவர் செய்த தொழில், சொன்ன சூழல் ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறித்தல் வேண்டும். செக்கோவும் 1891ஆம் ஆண்டு முதல் இத்தகைய குறிப்பேடுகளை வைத்திருந்தார். கேட்ட பெயர், காதில் விழுந்த ஒரு தொடர், கதைக்கரு என ஒரு வரியும் இரு வரியுமாகவே அவற்றிற் பெரும்பாலன அமைந்துள்ளன.

இக்கடமை ஈழத்தவர்க்கு மிகவும் உரியது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995ஆம் ஆண்டில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டில் முடிந்த போரில் வன்னி ஊர்கள் பல வெறுமையாயின. அச்சேறிய நூல் ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் ஒரு படி எஞ்சியிருத்தல் கூடும். 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத்திற் பழைய ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் எவரும் செலவின்றிப் படிக்கக் கிடைப்பது அவ்வாறு எஞ்சிய படிகளாலேயே. 1998ஆம் ஆண்டிற் தொடங்கிய மதுரைத் திட்டமும் இவ்வகையிற் பயனுடையது. ஆனால், எழுதப்படாத பேச்சுக்குப் படியில்லை. அதனை அறிந்த முதியவர் மறைந்தாலோ, கடல் கடந்து சென்று பேரப்பிள்ளைகளோடு வேற்றுமொழியிற் பேசப் பழகினாலோ, அச்சொல்லும் அதனுள் இருந்த கதையும் மீளா. மாணவரொருவர் தம் பாட்டியாரிடம் கேட்டுக் குறிக்கும் பத்துச் சொற்கள் எந்நூலகத்திலும் இல்லாத துணையாகலாம்.

தன்பிழை காணுங் கண்ணுக்கும் கருவி உண்டு. நூலுக்குரிய குற்றங்கள் பத்து என நன்னூல் வகுத்துள்ளது. இலக்கண வகுப்பில் மனனஞ் செய்து தேர்வோடு மறந்துவிடும் அப்பட்டியல், கதை திருத்துவோர்க்கு உரைகல்லாகப் பயன்படும். மகன் அனுப்பிய கடிதத்தைத் தாய் தலையணையின் கீழ் வைத்தாள் என்று காட்டியபின், அவள் மகன்மீது மிக்க அன்புடையவள் என்று சேர்ப்பது மிகைபடக் கூறல். அம்மகன் எங்கே சென்றான் என்பது படிப்போர்க்கு வேண்டியிருக்கக் கூறாது விடுவது குன்றக் கூறல். முதற்பக்கத்தில் நிறைமதியும் மூன்றாம் நாளிரவில் அமாவாசையும் வருவது மாறுகொளக் கூறல். தாயின் காத்திருப்பைச் சொல்லப் புகுந்து தபாற்கந்தோரின் வரலாற்றைச் சொல்வது மற்றொன்று விரித்தல். வேகமாகத் தொடங்கிய கதை, முடிக்கும் வழியறியாது, எல்லாம் கனவு என்றோ திடீர் விபத்து என்றோ முடிவது சென்று தேய்ந்திறுதல். எழுதிய கதையை ஒரு மாதம் மூடிவைத்து, பின் இக்குற்றங்களை ஒவ்வொன்றாக மனத்திற் கொண்டு, ஒரு குற்றத்துக்கு ஒருமுறையாகப் படித்தால், பிறர் காட்டவேண்டிய குறைகளுட் பாதியை எழுதியவரே கண்டுகொள்வர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், புனைகதை பயில்வோர்க்குத் துணைகள் அரியனவல்ல என்பது பெறப்படும். கலைவிளக்க நூல்கள் ஒன்றிரண்டு போதும். பேரெழுத்தாளர் ஒருவரின் கடிதங்களைக் கதைகளோடு ஒருசேரப் படித்தல் வேண்டும். நல்ல சிறுகதைகள் பன்னிரண்டைத் தேர்ந்து, மாதத்துக்கு ஒன்றாக மும்முறை படித்தால் ஓராண்டு நிரம்பும். உண்மை சொல்லும் தோழர் நால்வர் வேண்டும். சொற்குறிப்பேடும் குற்றப்பட்டியலும் எப்போதும் கையில் இருத்தல் வேண்டும். இவற்றுட் பெரும்பாலன விலைகொடுத்து வாங்கவேண்டாதன.

துணைகளைத் தேடிச் சேர்ப்பதே பயிற்சியென எண்ணி, எழுதுவதை நாளைக்கு ஒத்திவைப்போரும் உளர். நூல் வாங்குவது எளிது. முதற்பக்கத்தை எழுதுவது அரிது. பவணந்தியார் வகுத்த கணக்கில் ஆசிரியர்க்கு ஒரு கூறும் தோழர்க்கு ஒரு கூறுமே உரியன. எஞ்சிய இரு கூறும் எழுதுவோரின் மேசையிலேயே இருக்கின்றன. கல்லூரி மாணவர் இவ்வாண்டே ஒரு கதையை எழுதி, நால்வர் முன்னிலையிற் படிப்பித்து, குற்றம் நோக்கி மும்முறை திருத்துவாராயின், இத்துணைகள் யாவும் தத்தம் பயனைத் தாமே காட்டும்.